முப்பத்தோரு எழுத்து சும்மா இருந்த விரல்

ஜெபசீலன் சாரின் ஆய்வேட்டில் நானூற்றுப் பதினோரு பக்கம். அதில் எழுபது பக்கத்துக்கு வார்த்தையே கிடையாது, வெறும் எழுத்துதான். கையெழுத்துப் பிரதியைப் புரட்டிய தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன சார் இது? குழந்தையைத் தூக்கி டைப்ரைட்டர் மேல உக்கார வெச்ச மாதிரி இருக்கு?"

"புரதம் சார். இருபது விதமான மணியைக் கோத்த சரம்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு மணிக்கும் இங்கிலீஷ்ல ஒரு எழுத்து. ஒரு எழுத்து மாறினாலும் போச்சு."

"எங்க இன்ஸ்டிடியூட்ல எழுத்து மாறாது," என்றார் தோத்தாத்ரி, மூக்கு நுனியில் அடிபட்டவர் மாதிரி. பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "நாயகி! இங்க வாம்மா."

அப்படித்தான் 1996 ஆகஸ்டு மாதம் அந்த எழுபது பக்கமும் தையல்நாயகியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மேற்கு தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் தோத்தாத்ரியின் தட்டச்சுப் பள்ளி. பன்னிரண்டு மெஷின். காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து தடதடவென்று தட்டுவார்கள். நடுவில் மத்தியான நேரத்தில் வெளிவேலை. வெளிவேலைக்கெல்லாம் தையல்நாயகிதான். வயசு இருபத்தாறு. தட்டச்சில் ஹையர் பரீட்சையை முதல் வகுப்பில் பாஸ் பண்ணியவள். அப்பா ஏகநாதன் சேலையூரில் இருந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, இப்போது மனை வாங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் ஜல்லி, மணல் இறக்கிக்கொண்டிருந்தார். மகள் தட்டச்சடித்துச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மகளுக்கு இருந்தது. அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்கு நாள் நாளாக இருக்கும்.

தோத்தாத்ரிக்கு ஒரே ஒரு மதம், விரல். எந்த எழுத்துக்கு எந்த விரலோ அந்த விரல்தான் போக வேண்டும். பக்கத்து விரல் உதவிக்குப் போனால் ஸ்கேலால் முட்டியில் ஒரு தட்டு. எட்டு வருஷத்தில் தையல்நாயகியின் விரல்கள் அவளைக் கேட்காமலே வேலை செய்யப் பழகியிருந்தன. கண் காகிதத்தில் இருக்கும், கை தானே ஓடும், மனசு எங்கேயாவது நாவலூர் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் நான்காம் அட்டவணை. மைட்டோகாண்ட்ரியா என்ற ஏதோ ஒன்றுக்குள்ளே போகும் புரதங்கள், மொத்தம் அறுபத்திரண்டு. நாலு கார்பன் பிரதி, அதனால் தப்பு விட்டால் அஞ்சு தாளிலும் அழிக்க வேண்டும். அவள் விடவில்லை. ஆனால் இரண்டாம் நாள் ஒரு விநோதம் கண்ணில் பட்டது. கண்ணில்கூட இல்லை, கையில் பட்டது. ஒவ்வொரு புரதமும் தொடங்கும்போது இடது கை நடுவிரல் படுத்துத் தூங்கப் போய்விடுகிறது. மற்ற ஏழு விரலும் ஓடியாடி வேலை செய்ய, அது மட்டும் தன் சாவிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இருபது, இருபத்தைந்து எழுத்து தாண்டின பிறகுதான் திடுக்கென்று எழுந்து வேலைக்கு வரும். அடுத்த புரதம் தொடங்கினால் மறுபடி தூக்கம்.

வாயுப் பிடிப்போ என்னமோ என்று நினைத்தாள்.

ஐந்தாம் அட்டவணைக்கு வந்தாள். இது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளே போகாமல் வெளியிலேயே தங்கிவிடும் புரதங்கள். இங்கே அதே விரல் ஆரம்பத்திலிருந்தே மாடாக உழைத்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதற்குத் தைலம் தேய்த்தாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பார்.

தட்டச்சுப் பள்ளியை ஒட்டினாற்போல, வெளியூருக்குப் போன் பேசும் ஒரு எஸ்டிடி பூத். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பூத்தை நடத்துகிறவள் பேபி, கூடுவாஞ்சேரிப் பெண், இருபத்திரண்டு வயசு. பதினாலு வயசில் அவளுக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. அப்புறம் கை எட்டுகிற இடத்துக்கு எட்டாமல் அலைந்தது, பேச்சும் கொஞ்சம் இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். உடல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. போன் பண்ண வருகிறவர்கள் முதல் நாள் அவள் பேச்சைக் கேட்டு ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் அவள் வாய்க்குப் பயந்து ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள்.

ஜெபசீலன் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். நாற்பத்தோரு வயசு, மனைவி, இரண்டு பெண்கள், ஒன்பது வருஷமாக முடியாத ஆய்வு. கோயம்புத்தூரில் இருந்த தன் வழிகாட்டிக்குத் தினம் அந்த பூத்திலிருந்துதான் போன் பண்ணுவார். பேபி ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"சார், டெய்லி மைட்டோ மைட்டோன்னு கத்துறீங்களே, அது இன்னா சார்?"

அவரும் சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டிக் குட்டியாக மின்சார நிலையம் மாதிரி இருப்பதுதான் மைட்டோகாண்ட்ரியா. அதற்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் வெளியில்தான் தயாராகிறது. ஒவ்வொரு சாமானும் தலையில் ஒரு முகவரியைச் சுமந்துகொண்டு போய் வாசலில் காட்டும். உள்ளே போனதும் அந்த முகவரித் துண்டை வெட்டிவிடுவார்கள்.

"சினிமாக் கொட்டாய்ல டிக்கெட்டு கிழிக்கிற மாதிரி."

"அதேதான்! சாமான் போய்ச் சேரலைன்னா கரண்டு படுத்துடும். ரொம்பக் கரண்டு திங்கறது நரம்பு, அதுதான் முதல்ல அவஸ்தைப்படும்."

பேபி மணிபர்ஸைத் திறந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சீட்டை நீட்டினாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதில் வியாதியின் பெயர்: ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியா. "எட்டு வருசமா இந்தப் பேரைக் கையில வெச்சிகினு கீறேன். இது எதுல சார் வருது?"

ஜெபசீலனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். ஆனால் அடுத்த வாரமே அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். கப்பலில் தாமதமாக வந்த இதழ்களைத் துழாவினால், அந்த வியாதிக்குக் காரணமான மரபணுவை அந்த வருஷம்தான் கண்டுபிடித்திருந்தார்கள்! அது உண்டாக்கும் புரதம் இந்த நோயாளிகளுக்கு ரொம்பக் குறைச்சலாக ஊறுகிறது. அந்தப் புரதம் என்ன செய்யும், எங்கே இருக்கும் என்று மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நூலகத்து ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். இருநூற்றுப் பத்து எழுத்தையும் ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கம் நின்றபடியே எழுதிக்கொண்டு வந்தார். ஆய்வேட்டுக்கும் இதற்கும் நேர் சம்பந்தமில்லை. ஆனாலும் பேபிக்காகக் கடைசியில் ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்தார். பக்கத்தின் கீழே ஒரு வரி: 'செல்லில் இருப்பிடம்: தெரியவில்லை.'

அந்தப் பின்னிணைப்புப் பக்கம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தையல்நாயகி கைக்கு வந்தது.

அடிக்க ஆரம்பித்தாள். விரல் தூங்கிவிட்டது. அவள் மனசு எங்கேயும் போகாமல் அன்றைக்கு விரலோடேயே இருந்தது. பத்து எழுத்து, தூக்கம். இருபது, தூக்கம். முப்பது. அட, இன்னும் எழுந்திருக்கவில்லை! முப்பத்திரண்டாவதாகத்தான் இங்கிலீஷ் ஈ எழுத்து ஒன்று வந்து அதை எழுப்பியது. தொண்ணூறைத் தாண்டியதும் அந்த விரலுக்குப் பேய் பிடித்துவிட்டது. முப்பத்துநாலு எழுத்துக்குள் பதிமூன்று தடவை குதித்தது. தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக மெஷின் முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறவளைப் பார்த்துத் தோத்தாத்ரி தொண்டையைக் கனைத்தார்.

பக்கத்தின் அடியில் இருந்த வரியை அடிக்கும்போதுதான் அவள் கை நின்றது. இருப்பிடம், தெரியவில்லை. 'ஏன் தெரியலை? நாலாம் அட்டவணைல இருக்கறதுங்க மாதிரியே தானே இருக்கு?'

சாயங்காலம் ஜெபசீலன் வந்தார், குடையும் கையுமாக.

"சார், ஒரு டவுட்டு. சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"உள்ளே போற புரதத்துக்கெல்லாம் முதல் இருபது இருபத்தஞ்சு எழுத்துல இந்த விரலுக்கு வேலையே இல்ல சார்." இடது கை நடுவிரலை நீட்டிக் காட்டினாள். "வெளிய இருக்கறதுக்குப் பிழிஞ்சு எடுக்குது."

ஜெபசீலன் அந்த விரலைப் பார்த்தார். "அந்த விரலுக்கு என்னென்ன எழுத்து?"

"ஈ, அப்புறம் டாக்டர்ல வர்ற டி. எப்பவாவது ஒரு சி."

அவர் முகம் மலர்ந்தது. "ஈயும் டியும் அமிலம்மா! அமில மணிங்க. மைட்டோகாண்ட்ரியா முகவரியில அதுங்க அனேகமா வரவே வராது. பத்து வருஷம் முந்தியே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. ஆனா விரலால கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."

பத்து வருஷம் முந்தியே என்றதும் தையல்நாயகிக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. சமாளித்துக்கொண்டு சொன்னாள். "அப்ப கடைசிப் பக்கத்துல தெரியலைன்னு போட்டிருக்கீங்களே, அது தப்பில்லையா சார்? அதுல முப்பத்தோரு எழுத்து இந்த விரல் சும்மாதான் இருந்துச்சு."

"எந்தக் கடைசிப் பக்கம்?"

எடுத்துக் கொடுத்தாள். ஜெபசீலன் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். உதடு எண்ணியது. பாதி வழியில் உதடு நின்றது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை எண்ணும்போது பென்சில் கையிலிருந்து விழுந்து உருண்டது, அவர் எடுக்கவில்லை.

"ஒன்பது வருஷம்," என்றார் மெதுவாக. "ஒன்பது வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். இதை என் கையால எழுதியிருக்கேன். எழுதினேனே தவிர, படிக்கலையே!" பிறகு மெதுவாக இல்லை. "தையல்நாயகி! இது உள்ளே போகுது! இது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளே போற புரதம்!"

மாலை வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஜெபசீலன் சார் ஒரு கையில் தாளும் ஒரு கையில் விரித்த குடையுமாக, கட்டடத்துக்குள் குடையை எதற்கு விரித்தோம் என்று தெரியாமலே, தெருவுக்கு ஓடினார். தையல்நாயகி பின்னால் ஓடினாள். தோத்தாத்ரி, "டைம் முடியலை, டைம் முடியலை!" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தி, தானும் வாசலுக்கு வந்துவிட்டார்.

பூத்தில் யாரோ ஒருவர் திருச்சிக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேபி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேபி! உன் வியாதி எங்கே இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு!"

திருச்சிக்காரர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

ஜெபசீலன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், தையல்நாயகி நடுநடுவே விரலை ஆட்டிக் காட்டினாள். பேபியின் உடம்பில் குறைச்சலாக ஊறுகிற அந்தப் புரதம் போய்ச்சேர வேண்டிய இடம் மைட்டோகாண்ட்ரியா. அது போதுமான அளவு போய்ச் சேராததால்தான் அங்கே கோளாறு. அதனால்தான் நரம்பு தள்ளாடுகிறது. சோதனை செய்து நிரூபிக்க வேண்டும், ஆனால் முகவரி அப்படித்தான் சொல்கிறது.

பேபி மீட்டரை விட்டு நிமிர்ந்தாள். பிறகு கேட்டாள். "மருந்து?"

ஜெபசீலன் குடையை மடக்கினார். "இல்லைம்மா. இன்னும் இல்லை."

"சரி வுடுங்க, வரும்போது வரட்டும். அட்ரஸ் தெரியாம எவன் மருந்து அனுப்புவான்? இப்பதானே அட்ரஸே கெடச்சிருக்குது." அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். சிரிப்பு! நாற்காலியே ஆடும்படி சிரித்தாள். "எங்க ஆயா கண்ணேறுன்னா. எங்க மாமன் செய்வினைன்னான். டாக்டரு பேரை மட்டும் எழுதிக் குடுத்தான். இந்தத் தையலக்கா நடுவிரலை ஆட்டிக் கண்டுபுடிச்சிருக்குது பாரேன்!"

"நாங்க கண்டுபிடிச்சதை உலகத்துக்குச் சொல்லணும்," என்றார் ஜெபசீலன்.

"அதுக்கு இன்னா? ஃபேக்ஸு இருக்குதே!"

இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் வந்த மெஷின், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல், நெற்றியில் சந்தனப் பொட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு ஆள்கூட அதில் ஃபேக்ஸ் அனுப்பியதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கடிதம் தயாரானது. ஒரே பக்கம். ஐரோப்பாவில் இந்தத் துறையில் இருந்த ஒரு பேராசிரியருக்கு. முதல் முப்பத்தோரு எழுத்தில் அமிலம் ஒன்றுகூட இல்லை, நேர்மின்னூட்டமுள்ள 'ஆர்' மணி நான்கு இருக்கிறது, ஆகவே இது மைட்டோகாண்ட்ரியாவுக்கான முகவரி என்று கருதுகிறோம் என்று ஜெபசீலன் எழுதி, இதைக் காட்டிக்கொடுத்தது எந்த விரல் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். கீழே இரண்டு பெயர். இரண்டாவது பெயரைப் பார்த்ததும் தையல்நாயகி மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"சார், என் பேரா? நான் பன்னெண்டாங்கிளாஸ் சார்!"

"கண்டுபிடிச்சது யாரு? அடிங்கம்மா."

அவள் இனிஷியல் அப்பா ஏகநாதனின் ஈ. அதை அடிக்க அந்த விரலே போனது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை விட்டாள். தோத்தாத்ரி ஸ்கேலை எடுக்கவில்லை. வெள்ளை மையைத் தானே திறந்து கொடுத்தார்.

ஃபேக்ஸ் சும்மா போய்விடவில்லை. முதல் தடவை தாளைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை பாதித் தாள் உள்ளே போனதும் கரண்ட் போய்விட்டது. "கரண்டு இல்லாட்டி ஒண்ணும் நடக்காதுன்னு இப்ப எனக்கே பாடம் எடுக்குது பாரு," என்றாள் பேபி. முக்கால் மணி நேரம் விசிறிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் தடவை லைன் பிஸி. நாலாம் தடவை மெஷின் ஒரு மாதிரி ஊளையிட்டு, அந்தப் பக்கம் எதுவோ பதிலுக்கு ஊளையிட்டு, தாள் அங்குலம் அங்குலமாக உள்ளே போய், வெளியே வந்து, ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. அதில் ஓகே என்று இருந்தது. நாலு பேரும் கைதட்டினார்கள். போன் பண்ண வந்து நின்றவரும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் தடுப்புப் பலகை அதிர்ந்தது. பேபி டெலிபோன் டைரக்டரியால் அடித்துக்கொண்டிருந்தாள். "வந்துகினு கீது! இன்னும் வந்துகினே கீது!"

ஜெபசீலன் வகுப்பில் இருந்தார். ஒரு மாணவனை சைக்கிளில் அனுப்பி அழைத்து வரச் சொன்னார்கள். அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து தாளைப் பிடித்தார், வேர்வை கண்ணில் இறங்கி எழுத்து தெரியவில்லை. தோத்தாத்ரி வாங்கி, வணிகக் கடிதம் சொல்லிக்கொடுக்கும் குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். நீங்கள் சொல்வது சரி. எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவும் இதையே சோதனையில் பார்த்துவிட்டது, அவர்கள் கட்டுரை தயாராகிக்கொண்டிருக்கிறது; அதுவரை தயவுசெய்து வெளியில் சொல்ல வேண்டாம். உங்கள் இரண்டாவது ஆசிரியரின் விரல் முறையை இன்று காலை எங்கள் அலுவலகத் தட்டச்சரிடம் சொன்னோம். அவர் பத்துப் புரதங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார். ஒன்பது சரி.

"ஒன்பதுதானா?" என்றாள் தையல்நாயகி. "அங்க விரல் பாடம் ஒழுங்கா சொல்லித்தரலை போல."

தோத்தாத்ரி நிமிர்ந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு, அந்தக் கண்டுபிடிப்பில் தன் பங்கு என்னவென்று விளக்கினார்.

ஜெபசீலன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரோ முந்திக்கொண்டார்கள், அடுத்த வருஷம் கட்டுரை வெளிவரும்போது அதில் தாம்பரம் என்ற சொல் இருக்கப்போவதில்லை. தையல்நாயகி அவர் முகத்தையே பார்த்தாள். அவரோ எழுந்து, அந்த ஃபேக்ஸ் தாளைத் தலைமேல் வைத்துக்கொண்டு, நாற்பத்தோரு வயசு ஆசிரியர் பஜார் தெருவில் செய்யக் கூடாத ஒரு ஆட்டம் ஆடினார். "சரியாத்தான் சொன்னோம்! ஆராய்ச்சிக்கூடம் இல்லாம, ஒரு மெஷினும் ஒரு விரலும் வெச்சுக்கிட்டு, சரியாச் சொன்னோம்!"

ஆய்வேட்டில் அந்தப் புரதம் பின்னிணைப்பிலிருந்து நான்காம் அட்டவணைக்கு அறுபத்துமூன்றாவதாக ஏறியது. அதனால் பக்க எண்ணெல்லாம் நகர்ந்து, ஐம்பத்தெட்டுப் பக்கம் மறுபடி அடிக்க வேண்டி வந்தது. தையல்நாயகி பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தாள்.

சனிக்கிழமை பேபி ஒரு புது வம்பைக் கிளப்பினாள். "அது எப்பிடித்தான் இருக்கும்னு நான் பார்க்கணும் சார். என்னுதை."

விலங்கியல் துறை இரண்டாம் மாடி. படியில் அவளால் ஏற முடியாது. நாலு மாணவர்கள் ஆய்வுக்கூடத்து நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் அவள், "ரைட்ல வா! மெதுவா! என்னைக் கீழ போட்டீனா உங்கப்பனுக்கு எஸ்டிடி போடுவேன்!" என்று கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டே வந்தாள். ஜெபசீலன் ஒரு பல்குச்சியால் அவள் கன்னத்தின் உள்பக்கம் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஜேனஸ் பச்சை என்ற சாயத்தை ஒரு சொட்டு விட்டார். அந்தச் சாயம் உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம்தான், அப்புறம் வெளுத்துவிடும்.

பேபியின் தலை ஆடாமல் இருக்கத் தையல்நாயகி இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். லென்ஸில் கண் வைத்த பேபிக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜெபசீலன் திருகைத் திருப்பினார்.

"யம்மாடி."

"தெரியுதா?"

"பச்சைப் பச்சையா, பொட்டுப் பொட்டா... இத்தினியூண்டு கீதே! இதுவா சார் என்னை எட்டு வருசமா ஆட்டி வெச்சிகினு கீது?" அவள் கன்னம் தையல்நாயகியின் கைக்குள் சிரிப்பில் குலுங்கியது. "நல்லாத்தான் கீது பார்க்க. நான் வேற மாதிரி, கரப்பாம்பூச்சி மாதிரி இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்."

"நான் பார்க்கட்டா பேபி?" என்றாள் தையல்நாயகி. அவளுக்கும் கை பரபரத்தது. எழுபது பக்கம் அடித்திருக்கிறாள். அதெல்லாம் போய்ச் சேருகிற இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"இரு."

மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கதவருகே குவிந்தார்கள். சாயம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஜெபசீலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேபி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி ஆட்டினாள்.

"லைன்ல இருங்க எல்லாரும். பேசிகினு கீறேன்ல?"